கூட்டில் தங்கும் கோழி, குஞ்சுக்கு எடுக்கும் கோழி

என் கோழி நோட்டில் இரண்டு பட்டியல் இருக்கிறது. ஒன்றின் தலைப்பு 'இருக்கட்டும்'. இன்னொன்று 'குஞ்சுக்கு'. இன்றைய கணக்கில் முதல் பட்டியலில் 16 பெயர், இரண்டாவதில் 5. புறக்கடையில் நாலு கோழி மேய்வதற்கு நோட்டு எதற்கு என்று சிரிப்பவர்கள் உண்டு. நானும் அப்படிச் சிரித்த ஆள்தான். முதல் நான்கு வருடம் எனக்கு ஒரே பட்டியல், அதுவும் மனதுக்குள். எந்தக் கோழி அடைக்கு உட்கார்ந்தாலும் அன்றைக்குக் கூடையில் கிடந்த முட்டைகளை அள்ளி வைத்துவிடுவேன். எந்தச் சேவல் பார்க்க ஜோராக இருக்கிறதோ அதுதான் கூட்டுக்குத் தலைவன்.

அப்படித் தலைவனானவன் தங்கக் கழுத்தும், பச்சை மின்னும் கறுப்பு வாலுமாக ஒருவன். அந்த வாலைப் பார்த்துத்தான் வைத்துக்கொண்டேன். ஆள் முதுகைத் திருப்பினால் போதும், ஓடிவந்து காலில் முள்ளால் அடிப்பான். 'கூட்டத்தைக் காக்கிறான்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவனுடைய மகன்கள் ஏழு பேரில் நான்கு பேர் ஆறு மாதம் ஆவதற்குள் அதே வேலையை ஆரம்பித்தார்கள். மகள்கள் சாதுதான், ஆனால் வாரத்துக்கு இரண்டு முட்டைக்கு மேல் இடவில்லை. ஒரு வாலுக்காக இரண்டு வருடக் குஞ்சுகள் போயின.

அப்போதுதான் நோட்டு வந்தது. ஒரு கோழி கூட்டில் தங்குவதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். வயதாகிவிட்டது, பாவம். வீட்டுக் குழந்தை பெயர் வைத்துவிட்டது. கூப்பிட்டால் மடியில் ஏறுகிறது. எல்லாம் நியாயமான காரணங்கள்தான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் முட்டையை அடைக்கு வைக்கலாமா என்பது வேறு கேள்வி. அங்கே நான் என்னைக் கேட்பது இது: இதே போல இன்னும் எட்டு கோழி எனக்கு வேண்டுமா? தயங்காமல் 'வேண்டும்' என்று வாயில் வந்தால் மட்டுமே இரண்டாவது பட்டியல்.

எதைத் தேடுகிறீர்கள்?

கோழியைப் பார்ப்பதற்கு முன் உங்களுக்கு வேண்டிய குணம் மூன்றை எழுதிவையுங்கள். மூன்றே மூன்று. எனக்கு வேண்டியவை: விட்டுவிட்டு இடாமல் சீராக முட்டையிடுவது, சாதுவான குணம், மருந்து இல்லாமலே நிமிர்ந்து நிற்கும் உடம்பு. நிறம் என் பட்டியலில் இல்லை. உங்களுக்கு இறைச்சி முக்கியம் என்றால் எடையும் மார்பு அகலமும் வரும். ஏழெட்டுக் குணத்தை ஒரே நேரத்தில் துரத்தினால் பத்துக் கோழி உள்ள கூட்டில் ஒன்றுமே தேறாது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போய்க் கடைசியில் வெறும் கூடுதான் மிஞ்சும்.

எல்லாக் குணமும் ஒரே வேகத்தில் பிள்ளைக்கு இறங்குவதும் இல்லை. உடல் எடையும் முட்டையின் பருமனும் பெற்றோரைப் பார்த்து ஓரளவு சொல்லிவிடக்கூடியவை. எத்தனை முட்டை இடும் என்பது அப்படி இல்லை. தீவனம், வெளிச்சம், வெயில், பயம் எல்லாம் அதில் கலந்துவிடுகின்றன. அதனால் முட்டை எண்ணிக்கைக்காகத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு கோழியின் ஒரு நல்ல வருடத்தை நம்பாமல், அதன் அம்மா, அக்கா தங்கை எல்லோரும் எப்படி என்று பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வருடத்துக்கு முந்நூறு முட்டை இடும் பண்ணைக் கலப்பினக் கோழி உங்களிடம் இருந்தால், அதன் குஞ்சும் அப்படியே இடும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெவ்வேறு வம்சங்களைக் கலந்து உண்டாக்கிய கோழி அது. அடுத்த தலைமுறையில் அந்தக் கலவை கலைந்து, குஞ்சுகள் ஆளுக்கு ஒரு திசையில் போகும்.

இரவில் கையில் எடுத்துப் பாருங்கள்

மேயும் கோழியைத் தூரத்தில் இருந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எனக்குப் பலித்ததே இல்லை. இறகு எல்லாவற்றையும் மறைத்துவிடும். இருட்டிய பிறகு, கட்டையில் ஏறி அடங்கியதும், தலையில் மாட்டும் விளக்கோடு போய் ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். தூக்கக் கலக்கத்தில் சத்தமே போடாது. தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொண்டால் ஒரு கை சும்மா இருக்கும்.

கண்ணில் தொடங்குங்கள். கருவிழி வட்டமாக, ஓரம் தெளிவாக இருக்க வேண்டும். விழிப்படலம் சாம்பல் பூத்து, கருவிழி கோணல்மாணலாக இருந்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயின் அறிகுறியாக இருக்கலாம். அந்த நோய் முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போவதில்லை. ஆனால் அதைத் தாங்கும் சக்தி வம்சத்துக்கு வம்சம் மாறும். தாங்காத வம்சத்தை வளர்க்கக் காரணம் இல்லை. மூக்கில் நுரை, மூச்சில் கறகற சத்தம் இருந்தால் அந்தக் கோழி தேறிவிட்டாலும் 'குஞ்சுக்கு' பட்டியலில் இருந்து எடுத்துவிடுங்கள். மைக்கோபிளாஸ்மா போன்ற கிருமிகள், பார்க்க நலமாகத் தெரியும் கோழியின் உடம்பிலேயே தங்கி, முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும்.

அடுத்து அலகு. மேலலகும் கீழலகும் கத்தரிபோல் மாறி நின்றால் அந்தக் கோழியின் முட்டை அடைக்கு வேண்டாம். கால்விரல் வளைந்திருப்பதில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பொரிப்பானின் சூடு தவறினாலோ, தீவனத்தில் பி2 சத்து குறைந்தாலோ விரல் மடங்கும். ஒரே ஈட்டில், அதாவது ஒரே தடவையில் பொரித்த கூட்டத்தில், பல தாய்களின் குஞ்சுகளுக்கு வந்தால் தப்பு நம்முடையது. ஒரே தாயின் குஞ்சுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் தப்பு வம்சத்தில்.

மார்பெலும்பைத் தடவுங்கள். கத்தி முனைபோல் துருத்தினால் மெலிவு. எலும்பே தட்டுப்படாமல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு. அப்படிப்பட்டவை தின்னும், இடாது. நன்றாக இடும் கோழி கொஞ்சம் இளைத்துத்தான் இருக்கும், இறகு கசங்கியிருக்கும். பளபளவென்று சீவி முடித்ததுபோல் நிற்கும் கோழியை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

முட்டையிடுகிறதா என்பதைக் கை சொல்லிவிடும். எச்சத் துளைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய எலும்பு முனை இரண்டு தட்டுப்படும். இடும் கோழிக்கு அவற்றுக்கிடையே இரண்டு மூன்று விரல் நுழையும்; இடாததற்கு ஒரு விரல் நுழைவதே கஷ்டம். அந்த முனைகளுக்கும் மார்பெலும்பின் கடைசிக்கும் நடுவே மூன்று நான்கு விரல் இடமும், மிருதுவான வயிறும் இருந்தால் நல்லது. துளை அகலமாக, ஈரமாக இருந்தால் இடுகிறது. சுருங்கி, உலர்ந்து, வட்டமாக இருந்தால் நிறுத்திவிட்டது.

மஞ்சள் தோல் உள்ள கோழிகளில் இன்னொரு சாட்சியும் உண்டு. முட்டையிடத் தொடங்கியதும் உடம்பில் உள்ள மஞ்சள் நிறம் மஞ்சள்கருவுக்குப் போகத் தொடங்கும். முதலில் துளையைச் சுற்றி வெளுக்கும், பிறகு கண்வளையம், அடுத்து அலகு, கடைசியில் கால். கால் முழுக்க வெளுக்கப் பல மாதம் தொடர்ந்து இட்டிருக்க வேண்டும். பகல் குறுகிய காலத்தில் மட்டும் இந்தப் பரிசோதனையை வைத்துத் தண்டனை கொடுக்காதீர்கள். வெளிச்சம் 12 மணி நேரத்துக்குக் கீழே போனால் நல்ல கோழியும் இடுவதைக் குறைத்துவிடும்.

இது யாருடைய முட்டை?

கை சொல்வது 'இடுகிறது' என்பதை மட்டும். எத்தனை என்பதை நோட்டுதான் சொல்லும். ஒவ்வொரு கோழியின் முட்டைக்கும் ஒரு சாயல் உண்டு. என் சாம்பலியின் முட்டை ஒரு முனையில் கொஞ்சம் கூடுதலாகக் கூர்ந்திருக்கும். செம்பியின் முட்டையில் மாநிறப் பொட்டு. பழகிவிட்டால் கூடையைப் பார்த்ததும் தெரியும். ஒரே மாதிரி இடும் இரண்டு பேர் இருந்தால், மாலையில் ஒன்றின் துளையோரம் சமையல் வண்ணத்தை லேசாகத் தடவிவிடுங்கள். மறுநாள் முட்டையில் கோடு விழும். அதற்கும் பொறுமை இல்லை என்றால் ஒரு வாரம் தனிக் கூண்டு. ஆனால் இடம் மாறிய கோபத்தில் சில கோழிகள் இரண்டு நாள் இடாது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒரு முட்டை உருவாகி வெளியே வர 24 மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் 25 அல்லது 26 மணி நேரம் ஆகும். அதனால் இன்று காலையில் இட்டது நாளை கொஞ்சம் தாமதமாக இடும், மறுநாள் இன்னும் தாமதம், பிறகு ஒரு நாள் விடுப்பு. விடுப்புக்கு முன் எத்தனை நாள் தொடர்ந்து இடுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமான எண். செம்பி ஐந்து ஆறு நாள் தொடர்வாள். சாம்பலிக்கு இரண்டு நாளில் அலுத்துவிடும். சாம்பலி எனக்குச் செல்லம், ஆனாலும் அவள் முதல் பட்டியலோடு சரி.

இறகு உதிரும் காலமும் நிறைய சொல்லும். பகல் குறையத் தொடங்கியதும் எல்லோருக்கும் முன்னால் உதிர்க்க ஆரம்பித்து, மாதக்கணக்கில் அரையும் குறையுமாகத் திரியும் கோழி, பொதுவாகக் குறைவாக இடுவது. கடைசி வரை இட்டுவிட்டு, ஒரே வாரத்தில் மொட்டையடித்ததுபோல் உதிர்த்து, சீக்கிரம் முளைக்கவிட்டு வேலைக்குத் திரும்புவதுதான் நல்ல கோழி. இறக்கையை விரித்தால் நடுவில் ஒரு குட்டை இறகு தெரியும். அதற்கு வெளிப்பக்கம் பத்துப் பெரிய இறகு. ஒன்றொன்றாக விழுகிறதா, மூன்று நான்காக விழுகிறதா என்று பாருங்கள். ஒரு பெரிய இறகு முழுதாய் வளர ஆறு வாரம் போல ஆகும். சேர்ந்து விழுந்தால் சேர்ந்து வளரும், காலம் மிச்சம்.

சேவல்

கோழிகளில் ஒன்றைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சில குஞ்சுகள்தான் கெடும். சேவலில் தவறினால் மொத்த ஈடும் கெடும், ஏனென்றால் ஒவ்வொரு குஞ்சிலும் பாதி அவன். எட்டு முதல் பத்துக் கோழிக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் வைத்தால் சண்டையும், கோழிகளின் முதுகில் இறகு போன திட்டுகளும்தான் மிச்சம்.

சேவல் முட்டையிடாது. அதனால் அவனுடைய அம்மாவின் பக்கத்தை நோட்டில் புரட்டுங்கள். கோழி இனத்தில் ஒரு விசேஷம் உண்டு. பால் வேறுபாட்டைத் தீர்மானிக்கும், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டை தன் இசட்டை மகனுக்கு மட்டுமே கொடுக்கிறது. மகளுக்குக் கிடைக்கும் ஒரே இசட் அப்பனிடம் இருந்து. ஆகவே உங்கள் சிறந்த கோழியின் அந்தப் பங்கு அதன் மகளுக்குப் போகாது. மகன் வழியாகப் பேத்திக்குத்தான் போகும். இது தெரிந்த பிறகு செம்பியின் பெட்டைக் குஞ்சுகளை மட்டும் வைத்துக்கொண்டு சேவல் குஞ்சுகளை எல்லாம் கொடுக்கும் பழக்கத்தை விட்டேன். இப்போதைய தலைவன் அவளுடைய மகன்.

குணத்தை எப்படிப் பார்ப்பது? கைப்பிடி தானியத்தை அவன் முன்னால் போடுங்கள். நல்ல சேவல் ஒரு மணியைக் கொத்திக் கொத்திக் கீழே போட்டு, 'டுக் டுக்' என்று கூப்பிட்டு, கோழிகளைத் தின்னவிடும். தானே விழுங்கிவிட்டுக் கோழிகளைத் துரத்துபவன் வேண்டாம். வானத்தில் நிழல் ஓடினால் குரல் கொடுக்கிறானா, கோழியை அணைவதற்கு முன் இறக்கையைத் தாழ்த்திச் சுற்றி வருகிறானா, அல்லது மூலையில் மடக்கிக் கொண்டையைப் பிடித்து இழுக்கிறானா என்பதையும் கவனியுங்கள். ஆளைத் தாக்குகிறவனுக்கு என்னிடம் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. கொஞ்சி வளர்த்தால் திருந்துவான் என்பார்கள். கையிலேயே வளர்ந்து ஆளைக் கண்டு பயமே இல்லாமல் போன சேவல்தான் என்னை அதிகம் அடித்தது.

சேவல் வேலை செய்கிறானா என்பதைச் சமையலறையிலேயே தெரிந்துகொள்ளலாம். முட்டையை உடைத்து மஞ்சள்கருவின் மேலுள்ள வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். வெறும் சின்னப் புள்ளி என்றால் கரு இல்லை. புள்ளியைச் சுற்றி வளையம் தெரிந்தால் கரு உண்டு. ஒரே நாளில் ஆறு முட்டை உடைத்து ஐந்தில் வளையம் இருந்தால் எனக்குத் திருப்தி.

சேவலை மாற்றும்போது அவசரப்படாதீர்கள். கோழியின் உடம்பில் விந்து இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடு இருக்கும். பழைய சேவலை வெளியேற்றி மூன்று வாரம் ஆன பிறகு எடுக்கும் முட்டையைத்தான் புதியவனுடையது என்று நம்பலாம். இதைத் தெரியாமல் புதிய சேவலின் முதல் மகன் என்று நான் பெருமையாகக் காட்டிய குஞ்சு, வளர வளர அந்தத் தங்கக் கழுத்துக்காரனை உரித்துவைத்திருந்தது.

உறவு முறை

இன்னொரு தவறு மெதுவாகத்தான் தெரிந்தது. வெளியில் இருந்து எதையும் கொண்டுவராமல், ஒரே சேவலின் மகள்களையும் அவனிடமே விட்டுவைத்தேன். முதல் வருடம் 12 முட்டைக்கு 10 குஞ்சு. மூன்றாவது வருடம் 6. ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகள், பொரிந்தும் வளராத குஞ்சுகள். அப்பனும் மகளும் சேர்ந்தாலும், உடன்பிறந்தவர்கள் சேர்ந்தாலும், பிறக்கும் குஞ்சின் மரபணுக்களில் 25 சதவீதத்தில் ஒரே முன்னோரின் பிரதியே இரண்டு பக்கமும் வந்து சேர வாய்ப்பு. மறைந்திருந்த குறை எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

பெரிய கூட்டம் இருந்தால் வழி சுலபம். கோழிகளை மூன்று குடும்பமாகப் பிரித்துச் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று கால் வளையம் போடுங்கள். குஞ்சு எப்போதும் அம்மாவின் நிறம். சேவல் மட்டும் அடுத்த நிறத்துக்குப் போவான்: சிவப்பில் பிறந்தவன் நீலத்துக்கு, நீலத்தில் பிறந்தவன் மஞ்சளுக்கு, மஞ்சளில் பிறந்தவன் சிவப்புக்கு. குஞ்சு எடுக்கும் சில வாரம் மட்டும் குடும்பங்களைப் பிரித்து அடைத்தால் போதும். என்னைப் போல ஒரே கூடு உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை உறவில்லாத சேவலைக் கொண்டுவரலாம். வந்தவனை 30 நாள் தனியாக வைத்து, சளி, கழிச்சல், காலில் செதிலைத் தூக்கும் பூச்சி இல்லை என்று பார்த்த பிறகே உள்ளே விடுங்கள். வளையத்தை வளர வளர மாற்ற மறக்காதீர்கள். இறுகிக் காலில் பதிந்துவிடும்.

குஞ்சுகளில் கழிப்பது

ஒரே நாளில் முடிவெடுக்க முயலாதீர்கள். பொரிந்ததும் ஊனமானவற்றை மட்டும் குறித்துக்கொள்வேன். எட்டு வாரத்தில் தீனிப்பை காலியாக உள்ள காலை நேரத்தில் எடை போட்டு, பின்தங்கியவற்றைக் குறிப்பேன். நான்கு மாதத்தில் எலும்பு, நடை, வால் நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். சேவல்களில் பாதி இங்கேயே போய்விடும். ஆறு மாதத்துக்கு மேல் குணம் தெரியும். விடைக்கோழிகளுக்கு, அதாவது இளம் பெட்டைகளுக்கு, ஒரு முழு வருட முட்டைக் கணக்கு வரும்வரை 'குஞ்சுக்கு' பட்டியலில் இடம் இல்லை. இரண்டாவது வருடக் கோழியின் முட்டை பெரிது. அதைவிட, இரண்டு மழையும் ஒரு நோய்க் காலமும் தாண்டி வந்திருக்கிறது என்பதே ஒரு தகுதி.

அடை உட்காரும் கோழியைத் தேர்வதும் தேர்வுதான். 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா' என்று பழமொழி கேட்கும். ஆகும். என்னிடம் இருந்த கனத்த கோழி ஒன்று ஒரே ஈட்டில் மூன்று குஞ்சை மிதித்தே கொன்றது. அவளுடைய முட்டை நல்ல முட்டை. அதனால் முட்டை அவளுடையது, அடை மட்டும் வேறொருத்தி. 21 நாளும் எழுந்தோடாமல் உட்கார்ந்து, பிறர் முட்டையையும் ஏற்று, குஞ்சுகளை எண்ணிக் கூட்டிப்போகும் சின்னக் கோழி ஒன்று எல்லாக் கூட்டிலும் இருப்பாள்.

அடைக்கு எடுக்கும் முட்டை நடுத்தரமாக, ஓடு வழுவழுப்பாக இருக்கட்டும். நீண்டதும் உருண்டதும் மடிப்பு விழுந்ததும் வேண்டாம். கழுவாதீர்கள், கூர்முனை கீழே இருக்கும்படி குளிர்ந்த இடத்தில் வையுங்கள், ஏழு நாளைக்கு மேல் சேர்க்காதீர்கள். தாயின் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள்.

கழித்தவற்றை என்ன செய்வது என்பது அவரவர் வீட்டு விஷயம். சட்டிக்குப் போகலாம், வேறு கூட்டுக்குப் போகலாம், முதல் பட்டியலிலேயே முதுமை காணலாம். கொடுப்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தங்கக் கழுத்துக்காரனைக் கேட்டு வந்தவரிடம் முதலில் என் முழங்காலில் இருந்த தழும்பைக் காட்டினேன். அவர் வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு என்றார். சேவலைக் கொடுக்கவில்லை, இரண்டு சாதுவான விடைக்கோழிகளைப் பிடித்துக் கொடுத்து அனுப்பினேன்.